வாடிப்பட்டியில் மழை வருமா: மூன்று மாடல்களுக்கு எந்த அளவுகோலில் மதிப்பெண் போடுவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். மதுரை மாவட்டம் வாடிப்பட்டிப் பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் வேலை பார்க்கிறீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று வானிலை மாடல்கள் (கணினியில் கணக்குப் போட்டு முன்னறிவிப்பு தருபவை) மறுநாளுக்குச் சொன்ன மழையை எக்செல்லில் ஏற்றி, ஊர் மழைமானி காட்டிய அளவோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். எத்தனை நாள் சரியாகச் சொன்னது என்ற சதவீதத்தில் ஒரு மாடல் முதலிடம். ஆர்எம்எஸ்இ (பிழைகளை வர்க்கப்படுத்திச் சராசரி எடுத்து, அதன் வர்க்கமூலம்) போட்டால் இன்னொன்று முந்துகிறது. த்ரெட் ஸ்கோர் (கீழே விளக்குகிறேன்) போட்டால் வரிசை மறுபடியும் புரள்கிறது. இதில் எந்த அளவுகோல் சரி என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும் சராசரி எடுத்துவிட்டால் என்ன என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள்.

உங்களுக்கு உண்மையில் வேண்டியது அளவுகோலின் பெயர் இல்லை என்று நினைக்கிறேன். உறுப்பினர் ஒருவர் காலையில் போன் போட்டு, "இன்னைக்கு நெல்லைக் காயப்போடலாமா, மூடியே வைக்கவா?" என்று கேட்டால் எந்த மாடலைப் பார்த்துப் பதில் சொல்வது என்பதுதான் உங்கள் தலைவலி. முன்னறிவிப்பு பலித்ததா என்று சரிபார்ப்பதையே பல வருடம் வேலையாகச் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் போட்ட மூன்று அளவுகோலிலும் தப்பு இல்லை. மூன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன, அதனால் வரிசை மாறுகிறது. எந்தக் கேள்வி உங்களுடையது என்பதை அந்தக் களத்து நெல்தான் தீர்மானிக்க வேண்டும். அதையும் கணக்குப் போடுவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு சந்தேகம். உங்கள் தாளில் தேதிகளை எப்படிப் பொருத்தினீர்கள்? இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வழக்கப்படி ஒரு நாள் மழை என்பது காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் காலை 8.30 வரை. 15-ஆம் தேதி காலை என்று போட்டு வெளியாகும் அளவில் பெரும்பகுதி 14-ஆம் தேதி சாயங்காலமும் ராத்திரியும் பெய்தது. நம் பக்கத்து இடிமழை சாயங்காலத்துக்கு மேல்தான் கூடும் என்பது உங்களுக்கே தெரியும். போன் ஆப்களோ நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை ஒரு நாள் என்று கணக்கு வைக்கின்றன. 14-ஆம் தேதிக்கு மழை என்று ஆப் சரியாகச் சொல்லியிருக்கும், நீங்கள் 14-ஆம் தேதி காலை அளவோடு அதை ஒப்பிட்டு "தவறு" என்று எழுதியிருப்பீர்கள். மறுநாள் ஆப் மழை இல்லை என்றிருக்கும், மழைமானி மழை காட்டியிருக்கும், அதுவும் "தவறு". சரியான ஒரு முன்னறிவிப்புக்கு இரண்டு குட்டு. மாடல் தரவை நேரடியாக இறக்குகிறீர்கள் என்றால் அதில் இருப்பது உலகப் பொது நேரம்; அங்கே 03 மணி என்றால் நமக்குக் காலை 8.30. மூன்று மணி நேரத் துண்டுகளாக எடுத்து 03 முதல் 03 வரை கூட்டிக்கொள்ளுங்கள். அதோடு, மூன்று மாடலுக்கும் முன்னறிவிப்பு எடுத்த நேரம் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்றை முதல் நாள் காலையிலும் மற்றொன்றை ராத்திரியிலும் எடுத்திருந்தால் அது போட்டியே இல்லை. இதைச் சரிசெய்யாமல் எந்த அளவுகோலைப் போட்டாலும் பயன் கிடையாது.

இனி சதவீதத்துக்கு வருவோம். மழை பெய்யாத நாட்கள் அதிகமாக உள்ள ஊரில் இந்த அளவுகோல் எப்படி ஏமாற்றும் என்பது 1884-லேயே அம்பலமான கதை. அமெரிக்க ராணுவத்தின் வானிலைப் பிரிவில் இருந்த ஃபின்லி என்பவர் சூறாவளிச் சுழல் (டொர்னாடோ) வருமா வராதா என்று 2803 முன்னறிவிப்புகள் கொடுத்து, 96.6 சதவீதம் சரி என்று வெளியிட்டார். வரும் என்று சொல்லி வந்தது 28 தடவை. சொல்லி வராதது 72. சொல்லாமல் வந்தது 23. மீதி 2680 தடவை வராது என்றார், வரவில்லை. ஒரு தடவை கூட "வரும்" என்று சொல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தால் 98.2 சதவீதம் கிடைத்திருக்கும் என்று அந்த வருடமே சுட்டிக்காட்டினார்கள். நீங்கள் போட்ட த்ரெட் ஸ்கோர் அந்தச் சண்டையில் கில்பர்ட் என்பவர் முன்வைத்ததுதான்: "வராது, வரவில்லை" என்ற சுலபமான நாட்களை எடுத்துப் போட்டுவிட்டு, மிச்சத்தில் எத்தனை பலித்தது என்று பார்ப்பது. ஃபின்லிக்கு அது 123-இல் 28, அதாவது 0.23. அதே வருடம் பியர்ஸ் என்பவர் வேறொரு அளவுகோல் சொன்னார்: பெய்த நாட்களில் எத்தனை பங்கைப் பிடித்தாய், அதிலிருந்து பெய்யாத நாட்களில் எத்தனை பங்குக்குப் பொய் எச்சரிக்கை கொடுத்தாய் என்பதைக் கழி. நூற்றி நாற்பது வருடமாகியும் ஆப் விளம்பரங்களில் முதலில் வருவது அந்தச் சதவீதம்தான்.

உங்கள் தாளில் நடப்பதைக் காட்ட நானே எண்களைப் போட்டுக்கொள்கிறேன்; இவை கணக்குக்காக வைத்தவை, எந்த மாடலுக்கும் சொந்தமில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை 92 நாள். அதில் 28 நாள் மழை நாள், அதாவது 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல். மழை நாள் என்பதற்கு வானிலைத் துறை வைத்திருக்கும் வரம்பு அதுதான். 64 நாள் மழை இல்லை. முதல் மாடல் வாய் திறந்த மாடல்: 42 நாள் மழை என்று சொல்லி 22-ஐப் பிடித்தது, 6-ஐத் தவறவிட்டது, 20 நாள் வீணாகக் கூவியது. இரண்டாவது வாய் திறக்காத மாடல்: 16 நாள்தான் மழை என்றது, 12 பலித்தது, 4 பொய், ஆனால் 16 மழை நாளைத் தவறவிட்டது.

சதவீதப்படி முதல் மாடலுக்கு 72, இரண்டாவதற்கு 78. இரண்டாவது ஜெயித்தது. ஆனால் தினமும் "மழை இல்லை" என்று எழுதி ஒட்டிய தகர போர்டுக்கே 70 கிடைக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். த்ரெட் ஸ்கோரில் முதல் மாடலுக்கு 48-இல் 22, அதாவது 0.46, இரண்டாவதற்கு 32-இல் 12, அதாவது 0.38. இப்போது முதலாவது ஜெயித்தது. பியர்ஸ் கணக்கிலும் முதலாவதுதான், 0.47-க்கு 0.37. இன்னும் ஒன்று உண்டு. அடிக்கடி மழை என்று சொல்கிறவனுக்குக் குருட்டாம்போக்கில் சில நாட்கள் பலித்துவிடும் இல்லையா, அந்த அதிர்ஷ்டப் பங்கைக் கழித்துவிட்டு த்ரெட் ஸ்கோரைப் போடுவார்கள். ஈக்விடபிள் த்ரெட் ஸ்கோர் என்று பெயர். அதில் இரண்டுக்கும் 0.26. சமம்! ஒரே 92 நாள், ஒரே இரண்டு மாடல். சதவீதம் இரண்டாவதைச் சொல்கிறது, த்ரெட் ஸ்கோர் முதலாவதைச் சொல்கிறது, ஈக்விடபிள் த்ரெட் ஸ்கோர் இரண்டும் ஒன்றுதான் என்கிறது. எதுவும் தப்புக் கணக்கு இல்லை.

இப்போது களத்துக்கு வாருங்கள். மூன்று மாதமும் யாராவது ஒருவர் களத்தில் நெல் கிடக்கிறது, தார்ப்பாய் போட்டு மூட ஆள் கூலியும் ஒரு நாள் காய்ச்சல் வீணாவதும் சேர்த்து 1000 ரூபாய், மூடாமல் நனைந்தால் ஈரப்பதம் ஏறி, நிறம் மங்கி, விலையில் 5000 ரூபாய் அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாடலைக் கேட்டால் 42 நாள் மூடுவீர்கள், 6 நாள் நனையும்: 42,000 கூட்டல் 30,000, மொத்தம் 72,000. இரண்டாவதைக் கேட்டால் 16 நாள் மூடுவீர்கள், 16 நாள் நனையும்: 16,000 கூட்டல் 80,000, மொத்தம் 96,000. எந்த மாடலையும் பார்க்காமல் தினமும் மூடியே வைத்தால் 92,000. ஆகவே சதவீதத்தில் தோற்ற முதல் மாடல்தான் இங்கே பணத்தைக் காப்பாற்றுகிறது. சதவீதத்தில் ஜெயித்த மாடலோ, பார்க்காமலே இருந்திருக்கலாம் என்ற நிலையில் நிற்கிறது.

அதே நிறுவனத்தில் நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிற ஒருவர் இருக்கிறார் என்போம். மொட்டுப்புழுவுக்கு மருந்தடிக்க ஆளும் மெஷினும் சொல்லியாயிற்று. மழை வரும் என்று நிறுத்தினால் ஆள் கூலியும் தள்ளிப்போன நாளில் புழு தின்ற மொட்டும் சேர்ந்து 3000 ரூபாய் போகும். அடித்த பிறகு மழை கழுவிவிட்டால் 5000. இவர் முதல் மாடலைக் கேட்டால் 1,26,000 கூட்டல் 30,000, ஆக 1,56,000. இரண்டாவதைக் கேட்டால் 48,000 கூட்டல் 80,000, ஆக 1,28,000. எதையும் கேட்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் 1,40,000. நெல்காரருக்கு லாபம் கொடுத்த மாடல் மல்லிகைக்காரருக்கு நஷ்டம். கேட்காமலே இருப்பதைவிடவும் மோசம். உங்கள் தாளில் "சிறந்த மாடல்" என்ற ஒன்றைத் தேடினால் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். பாதுகாப்புக்கு ஆகும் செலவை நனைந்தால் வரும் இழப்பால் வகுத்து வரும் விகிதம் நெல்லுக்கு 0.2, மல்லிகைக்கு 0.6. என் எண்களில் இந்த விகிதம் ஏறக்குறைய 0.38-க்குக் கீழே இருப்பவருக்கு இரண்டில் முதல் மாடல் மேல், மேலே இருப்பவருக்கு இரண்டாவது. உங்கள் உறுப்பினர்களிடம் இந்த இரண்டு தொகையையும் கேட்டு வாங்குங்கள். ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கேட்டால் அரை மணி நேரத்தில் கிடைத்துவிடும், எந்த ஸ்கோரையும் விட அது உபயோகமான தரவு.

ஆர்எம்எஸ்இ பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், மழை அளவுக்கு அதைப் போடும்போது பலர் சறுக்கும் இடம் இது. ஒரு சாயங்காலம் இடிமழை வர 30 சதவீதம் வாய்ப்பு, வந்தால் 20 மி.மீ., வராவிட்டால் ஒன்றுமில்லை என்று வையுங்கள். பிழையை அப்படியே சராசரி எடுக்கும் எம்ஏஇ அளவுகோலில் "0" என்று சொல்பவருக்குச் சராசரிப் பிழை 6. சராசரியை எடுத்து "6 மி.மீ." என்று சொல்பவருக்கு 8.4. ஆகவே எம்ஏஇ "மழை இல்லை" என்று சொல்லச் சொல்கிறது. பிழையை வர்க்கப்படுத்தும் ஆர்எம்எஸ்இயில் தலைகீழ்: 0 என்றவருக்குச் சராசரி வர்க்கப் பிழை 120, 6 என்றவருக்கு 84. ஆகவே ஆர்எம்எஸ்இ "6 மி.மீ." என்று சொல்லச் சொல்கிறது. அன்றைக்கு 6 மி.மீ. பெய்ய வாய்ப்பே இல்லை என்பதுதான் வேடிக்கை. எம்ஏஇ நடுமதிப்புக்கு (எல்லா அளவையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) மதிப்பெண் போடுகிறது, ஆர்எம்எஸ்இ சராசரிக்குப் போடுகிறது. இது கணிதம், இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. மதுரை மாவட்டத்தில் பாதிக்கு மேல் நாட்கள் மழையே இல்லாதவை, எனவே தினசரி மழையின் நடுமதிப்பு பூஜ்யம். எம்ஏஇ மட்டும் பார்த்தால் சும்மா இருக்கும் மாடலுக்கும், ஆர்எம்எஸ்இ மட்டும் பார்த்தால் எல்லா ஊரிலும் தினமும் கொஞ்சம் தூறலைத் தெளித்துவிடும் மாடலுக்கும் பரிசு போகும்.

இப்போது பேசப்படும் செயற்கை நுண்ணறிவு மாடல்களை இதை மனதில் வைத்துப் பாருங்கள். 2023-இல் கூகுள் டீப்மைண்ட் வெளியிட்ட கிராஃப்காஸ்ட் போன்றவை வர்க்கப் பிழையைக் குறைக்கும்படியே பயிற்சி பெற்றவை. எந்த அளவுகோலில் பயிற்சி எடுத்ததோ அதே அளவுகோலில் பரீட்சை வைத்தால் நல்ல மதிப்பெண் வருவதில் ஆச்சரியம் இல்லை. நாட்கள் தள்ளத் தள்ள அவற்றின் படம் மழுங்கிக்கொண்டே போகும், உச்சங்கள் தேய்ந்துவிடும். அவை மோசம் என்று சொல்லவில்லை. புயல் போகும் பாதை, மேல்காற்று போன்றவற்றில் அவை சாதித்தது உண்மை. ஐரோப்பிய வானிலை மையம் 2025-இல் தன் செயற்கை நுண்ணறிவு மாடலைத் தினசரிப் பயன்பாட்டுக்கே கொண்டுவந்துவிட்டது. ஆனால் ஆர்எம்எஸ்இயில் ஜெயித்ததை வைத்து சிறுமலை அடிவாரத்து இடிமழையையும் பிடிக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்படியே, இணையத்தில் "உலகின் நம்பர் ஒன் மாடல்" என்று வரும் வரைபடங்களில் பெரும்பாலானவை 500 ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்தம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதன் ஏற்ற இறக்கத்தோடு மாடல் எவ்வளவு ஒத்துப்போனது என்று காட்டுபவை. தரையிலிருந்து ஐந்தரை, ஆறு கிலோமீட்டர் மேலே நடப்பது. ஐரோப்பாவின் குளிர்கால வானிலைக்கு அது நல்ல அளவுகோல். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் அந்த உயரம் பெரிதாக மாறுவதே இல்லை, ஆகவே நம் மழைக்கு அது சொல்வது சொற்பம். வெப்பநிலை மட்டும் என்றால் கவலையே வேண்டாம்: எம்ஏஇ போடுங்கள், எந்தப் பக்கம் சாய்கிறது என்று சராசரிப் பிழையையும் பாருங்கள், போதும்.

இடத்தின் பிரச்சினை தனி. வாடிப்பட்டியில் வெயில் காயும்போது சோழவந்தானில் கொட்டித் தீர்ப்பதை நீங்கள் பார்க்காமலா இருப்பீர்கள். இடிமேகத்தின் அகலம் சில கிலோமீட்டர்தான். நொய்டாவில் இருக்கும் தேசிய வானிலை முன்னறிவிப்பு மையத்தின் மாடலானாலும் அமெரிக்க ஜிஎஃப்எஸ் ஆனாலும், உலகம் முழுவதையும் கணக்கிடும் மாடல்கள் பூமியைப் பிரித்துக்கொள்ளும் கட்டம் நீண்ட நாள் 9 முதல் 13 கிலோமீட்டர் வரை இருந்திருக்கிறது. 2025-இல் இந்திய வானிலைத் துறை 6 கிலோமீட்டர் கட்டமுள்ள பாரத் முன்னறிவிப்பு முறைக்கு வந்தது. கட்டம் தருவது ஒரு பரப்பின் சராசரி. உங்கள் மழைமானி தருவது ஒரு சாண் அகல வாய்க்குள் விழுந்தது. மாடல் 20 மி.மீ. மழையைச் சோழவந்தானில் போட்டு அது பத்துக் கிலோமீட்டர் தள்ளி உங்கள் ஊரில் பெய்தால், அங்கே பொய் எச்சரிக்கை, இங்கே தவறவிட்ட மழை என்று இரண்டு தண்டனை. அன்றைக்கு எங்கேயும் மழை இல்லை என்று சொன்ன மாடலுக்கு ஒரே தண்டனை. இது அநியாயம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டதால்தான் 2008-இல் ராபர்ட்ஸ், லீன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு வழி சொன்னார்கள்: புள்ளியைப் பார்க்காமல் சுற்றுவட்டாரத்தில் எத்தனை பங்கு இடத்தில் மழை என்று மாடலிலும் நிஜத்திலும் எண்ணி ஒப்பிடு. அதை முறையாகச் செய்ய ரேடார் படம் வேண்டும். உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. வாடிப்பட்டி, சோழவந்தான், ஆண்டிபட்டி, சாத்தையாறு அணை என்று பக்கத்து மழைமானிகளின் அளவு தினமும் வெளியாகிறது. "இவற்றில் ஏதாவது ஒன்றில் 15.6 மி.மீ.க்கு மேல் பெய்ததா?" என்று கேளுங்கள், அந்த எண்ணில்தான் லேசான மழை முடிந்து மிதமான மழை தொடங்குகிறது. மாடலிலும் அதே வட்டாரத்தில் ஏதாவது ஒரு கட்டத்தில் அந்த அளவு இருக்கிறதா என்று பாருங்கள். எந்த மாடலுக்கு நம் பக்கத்து இடிமழை பிடிபடுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

2.5 மி.மீ. வரம்பிலும் ஒரு சூட்சுமம் உண்டு. உலக மாடல்கள் பலவும் நிஜத்தைவிட அடிக்கடி தூறல் போடும் பழக்கம் உள்ளவை. முதல் மாடல் 42 நாள் மழை என்றது என்றேன் அல்லவா? பெய்ததோ 28 நாள். அந்த மாடலில் 2.5-க்குப் பதிலாக 5 மி.மீ. வந்தால்தான் மழை என்று எடுத்துக்கொண்டால் அந்த 42 குறையும், பொய் எச்சரிக்கையும் குறையும். வரம்பை நகர்த்தி நகர்த்திப் பார்த்தால் வாய் திறந்த மாடலும் வாய் திறக்காத மாடலும் சில சமயம் ஒரே மாடலின் இரண்டு முகமாகத் தெரியும். அதனால்தான் எண்ணிக்கையில் எத்தனை மடங்கு கூடச் சொல்கிறது என்ற விகிதத்தை, இங்கே முதலாவதற்கு 1.5, இரண்டாவதற்கு 0.57, எந்த ஸ்கோரை எழுதினாலும் பக்கத்தில் எழுதச் சொல்வேன். அது இல்லாமல் த்ரெட் ஸ்கோரைத் தனியாக நம்பாதீர்கள். கொஞ்சம் கூடுதலாகக் கூவும் மாடலுக்கு அது சலுகை காட்டும்.

உங்கள் ஆப்களில் ஒன்று "40 சதவீதம் மழை வாய்ப்பு" என்று காட்டுவதாக எழுதியிருந்தீர்கள். அதை 50-க்கு மேல் என்றால் மழை, கீழே என்றால் இல்லை என்று வெட்டியிருக்கிறீர்கள். வெட்டாதீர்கள். 1950-இல் பிரையர் என்பவர் கொடுத்த அளவுகோல் இதற்கென்றே இருக்கிறது. 40 சதவீதத்தை 0.4 என்று எடுத்து, மழை பெய்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று வைத்து, வித்தியாசத்தின் வர்க்கத்தைச் சராசரி எடுக்க வேண்டும், குறைந்தால் நல்லது. மனதில் பட்ட உண்மையான வாய்ப்பைச் சொல்பவருக்குத்தான் அதில் நல்ல மதிப்பெண், கூட்டியோ குறைத்தோ சொல்லி அதை ஏமாற்ற முடியாது. ஒப்பிட ஓர் அடிப்படை அளவு வேண்டும் இல்லையா? 92-இல் 28 நாள் மழை என்பதால் தினமும் "30 சதவீதம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தால் கிடைப்பது 0.21. அதற்குக் கீழே வராத ஆப், படம் எத்தனை அழகாக இருந்தாலும், பழைய பஞ்சாங்கம் போட்டுக் காட்டுகிறது என்று அர்த்தம். அப்புறம் அந்த நெல் விகிதம் 0.2, மல்லிகை விகிதம் 0.6 நினைவிருக்கட்டும்: வாய்ப்பு 20 சதவீதத்தைத் தாண்டினாலே நெல்லை மூட வேண்டும், 60-ஐத் தாண்டினால்தான் மருந்தடிப்பை நிறுத்த வேண்டும். ஆப் சொல்லும் சதவீதம் நம்பகமானதாக இருந்தால், அந்த ஒரே எண் இரண்டு பேருக்கும் போதும்.

இதுவரை சொன்னதில் பெரும்பாலும் கணிதம், தகராறு இல்லை. இனி வருவதில் உறுதி குறைவு. ஒரு பருவத்து 92 நாளை வைத்து எந்த மாடல் மேல் என்று சத்தியம் செய்ய முடியாது. 28-இல் 22 மழை நாளைப் பிடித்தது 0.79 என்றால், நாட்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்று வைத்தால்கூட நிஜ மதிப்பு 0.63-இலிருந்து 0.94 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். வடகிழக்குப் பருவத்தில் ஒரு தாழ்வு மண்டலம் வந்தால் மூன்று நாள் சேர்ந்து பெய்யும், விட்டால் பத்து நாள் காயும். ஆகவே உங்களிடம் இருப்பது 92 தனித்தனிச் சாட்சி இல்லை, அதைவிடக் குறைவு. பக்கத்து மழைமானிகளைச் சேர்த்தாலும் அவை ஒரே மழையைத்தான் பார்க்கின்றன. சோதிக்க ஒரு வழி: 92 நாளை வாரம் வாரமாக வெட்டி, அந்த 13 வாரத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு 13 வாரம் எடுங்கள், ஒரே வாரம் இரண்டு தடவை வந்தாலும் பரவாயில்லை, இரண்டு மாடலுக்கும் ஸ்கோர் போட்டு வித்தியாசத்தை எழுதுங்கள். எக்செல்லில் இதை ஆயிரம் தடவை ஓட்டலாம். வித்தியாசம் பாதி தடவை ஒரு பக்கமும் பாதி தடவை மறுபக்கமும் சாய்ந்தால் இரண்டும் சமம் என்று விட்டுவிடுங்கள். இந்த முடிவு சித்திரை, வைகாசிக் கோடை மழைக்குச் செல்லாது, அதற்குத் தனிக் கணக்கு. நடுவில் மாடலைப் புதுப்பித்திருந்தால் போன வருடத்து முடிவும் செல்லாது.

கனமழை பற்றியும் கேட்டிருந்தீர்கள். 64.5 மி.மீ.க்கு மேல் என்பது ஓர் ஊரில் ஒரு பருவத்தில் விரல் விட்டு எண்ணும் நாட்கள்தான். அதற்கு ஸ்கோர் போடுவதில் துறைக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. அரிதான நிகழ்வுக்குப் போகப் போக த்ரெட் ஸ்கோர் தானாகவே பூஜ்யத்தை நோக்கிச் சரியும், மாடல் நன்றாக இருந்தாலும் சரி. அதற்கென்று புதிய அளவுகோல்கள் வந்திருக்கின்றன, ஆனால் அவற்றுக்கும் நூற்றுக்கணக்கான நிகழ்வுகள் வேண்டும். அது தமிழ்நாடு முழுவதையும் பல வருடம் சேர்த்துப் பார்க்கும் நிறுவனங்களின் வேலை. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். 2023 டிசம்பர் 18 காலை வரை 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. கொட்டியது, 2024 அக்டோபர் கடைசியில் நம் மதுரை செல்லூர்ப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்த மாதிரி நாட்களை மட்டும் பொறுக்கி எடுத்து எந்த மாடல் சொன்னது, எது சொல்லவில்லை என்று பட்டியல் போடுவது பார்க்க நியாயம் போல இருக்கும். பெய்த நாட்களை மட்டும் வைத்துப் பரீட்சை நடத்தினால் தினமும் பேய்மழை என்று கூவுகிறவன் முதல் மார்க் வாங்கிவிடுவான். அவன் கூவி ஒன்றும் நடக்காத நாட்களையும் தாளில் வைத்தால்தான் அது கணக்கு.

கடைசியாக மூன்றையும் சராசரி எடுப்பது. மழை அளவைச் சராசரி எடுத்தால் ஆர்எம்எஸ்இ பெரும்பாலும் நன்றாகத் தெரியும், காரணம் மேலே பார்த்ததுதான்: ஒன்று 18, மற்ற இரண்டும் 0 என்றால் சராசரி 6, யாருமே சொல்லாத மழை. அதை விட்டுவிட்டு எத்தனை மாடல் 2.5-க்கு மேல் சொல்கின்றன என்று எண்ணுங்கள். பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று என்று நாட்களை நாலு குழுவாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை பங்கு நாட்கள் நிஜமாகவே பெய்தது என்று இந்தப் பருவத் தரவில் பாருங்கள். அந்தப் பங்குகளை எழுதி வைத்துக்கொண்டு அடுத்த ஐப்பசியில் சோதியுங்கள். வகுத்த தரவிலேயே சோதிக்க வேண்டாம். ஒரே ஒரு மாடல் மட்டும் மழை என்ற நாட்களில் நாலில் ஒரு நாள் பெய்திருக்கிறது என்று வந்தால், நெல்காரரை மூடச் சொல்லுங்கள், மல்லிகைக்காரரை மருந்தடிக்கச் சொல்லுங்கள்.